வெறும் தூக்குவாளி

மங்கையர்க்கரசி சர்க்கரை டப்பாவைத் திறந்தாள். மூடினாள். மறுபடியும் திறந்தாள்.

"அதை ஏன்டி இந்தப் பாடு படுத்தறே? எறும்பு வரும், மூடு," என்று பின்கட்டிலிருந்து அம்மா செல்லம்மாவின் குரல் வந்தது.

மங்கை மூடிவிட்டாள். அவள் இன்னொரு கையில் கமலம் அத்தை வீட்டுத் தூக்குவாளி இருந்தது. அதில் வந்த புளிக்குழம்பு தீர்ந்து, வாளியைத் தேய்த்துத் துடைத்தாகிவிட்டது. இனி அது திரும்பிப் போக வேண்டும். போவதில் ஒரு முறை உண்டு. லாலாகுடா ரயில்வே காலனியில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பிடி சர்க்கரையாவது, ஒரு வாழைப்பழமாவது, எதுவும் இல்லாத நாளில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது உள்ளே கிடக்கும். இதற்கு ரயில்வேயில் எந்த விதியும் கிடையாது. பொன்மலையிலிருந்து மாற்றலாகி வந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள், உள்ளூர்த் தெலுங்குக்காரர்களும் அப்படித்தான் செய்தார்கள்.

யாரும் சொல்லாமலே எல்லோரும் ஏன் செய்கிறார்கள்? ஒருத்தர் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? இதுதான் மங்கையின் கேள்வி.

பகலில் அவள் பாலாநகரில் ஒரு சர்க்கார் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் அட்டைகளில் துளை போடும் ஆபரேட்டர். மாலையில் சிகந்திராபாத்தில் கம்ப்யூட்டர் டிப்ளமா வகுப்பு. கடைசி டெர்ம். டிப்ளமா கைக்கு வந்தால், துளை போடும் மேஜையிலிருந்து புரோகிராம் எழுதும் மேஜைக்கு மாறலாம். அந்த மேஜைக்கு மேலே மின்விசிறி உண்டு. அதைவிட, அங்கே உட்கார்ந்திருப்பவர்களை யாராவது "ஏன்?" என்று கேட்பார்கள். துளை போடுகிறவளை அப்படி யாரும் கேட்பதில்லை.

டிப்ளமாவுக்கு ஒரு பிராஜெக்ட் வேண்டும். மற்றவர்கள் சம்பளப் பட்டியல், ஸ்டோர் கணக்கு என்று எடுத்துக்கொள்ள, மங்கை மட்டும் "ஒரு நல்ல பழக்கம் ஊருக்குள் எப்படிப் பரவுகிறது, எப்படி அழிகிறது" என்று எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்ட மறுநாளே, எடுத்தது சரியா என்று சந்தேகம் வந்துவிட்டது. அவளுக்குச் சந்தேகம் வராத காரியம் எதுவும் கிடையாது. தினமும் டைரி எழுதுவாள். பெரும்பாலான வாக்கியங்கள் கேள்விக்குறியில்தான் முடியும்.

முதலில் கட்டம் போட்ட தாளில் காலனியை வரைந்தாள். ஒரு கட்டம், ஒரு வீடு. கட்டத்தில் புளியங்கொட்டை இருந்தால் அது பாத்திரத்தில் ஏதாவது போட்டு அனுப்பும் வீடு. கொட்டையை எடுத்துவிட்டால் வெறுமையாக அனுப்பும் வீடு. வெறும் பாத்திரம் வாங்கிய வீடு, இரண்டு தடவைக்கு ஒரு தடவை, தானும் கெட்டுப்போகும். இதுதான் அவள் போட்ட விதி. நாணயத்தைச் சுண்டிச் சுண்டிப் பார்த்தாள். ஒரே ஒரு வீட்டுக் கொட்டையை எடுத்ததற்கு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் தாளில் ஒரு புளியங்கொட்டைகூட மிஞ்சவில்லை. அதையே அட்டைகளில் துளையிட்டு வகுப்பு இயந்திரத்தில் ஓட்டினாள். அதிலும் காலனி அழிந்தது, இன்னும் வேகமாக.

மாலை வகுப்பு ஆசிரியர் வரதராஜன் அச்சடித்த தாளைக் கண்ணாடிக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார்.

"பிரமாதமா அழிச்சிருக்கீங்க. இந்த ரெண்டுக்கு ஒண்ணுங்கறது எங்கேருந்து வந்தது?"

"எனக்கு அப்படித் தோணிச்சு சார்."

"தோணினதுக்கு மார்க் கிடையாதே அம்மா. நிஜ மனுஷங்ககிட்ட பார்த்துட்டு வாங்க."

அதனால்தான் இப்போது சர்க்கரை டப்பாவோடு போராட்டம். ஒரே ஒரு வெறும் வாளி. ஒரே ஒரு தடவை. ஆனால் அதில் ஓர் ஆபத்து இருந்தது. போன டெர்மில், குழாயடி வரிசையில் யார் யாருடைய பக்கெட்டை நகர்த்துகிறார்கள் என்று மங்கை நின்று குறித்ததில், இரண்டு பெண்கள் முடியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒர்க்ஷாப்பில் சார்ஜ்மேனாக இருக்கும் அப்பா அய்யாக்கண்ணு அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இனிமே உன் படிப்பைப் பத்திக் காலனியிலேர்ந்து ஒரு புகார் வரட்டும். ஒரே ஒரு புகார். அன்னியோட கிளாஸ் கட்."

அய்யாக்கண்ணு சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கியதாகச் சரித்திரம் இல்லை. ஒருமுறை கோபத்தில் இனி காப்பியே குடிப்பதில்லை என்று சொல்லிவிட்டு, பதினோரு வருஷமாக டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

மங்கை வாளியை மூடி, பையில் போட்டு வாசலுக்குக் கொண்டுபோனாள். பாத்திரம் திருப்பும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு ஒரு வேலை குறைந்ததில் சந்தோஷம். கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும் எப்போதும் போல அப்பா. ஒர்க்ஷாப் போகிற வழியில்தான் அந்த வீடுகள் இருக்கும் மூன்றாவது லைனும் நான்காவது லைனும்.

அப்பா பையை வாங்கி, தன் டிபன் கேரியருக்குப் பக்கத்தில் ஹாண்டில் பாரில் மாட்டினார். ஒருமுறை அவளைப் பார்த்தார்.

"கமலத்துக்கா?"

"ஆமாப்பா."

"ம்," என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனார்.

அன்று முழுக்க பாலாநகரில் மங்கை அட்டைகளில் தப்புத் துளை போட்டாள். கமலம் அத்தை என்ன செய்வாள்? கோபப்படுவாளா? பேசாமல் இருந்துவிட்டு அடுத்த முறை தானும் வெறும் பாத்திரம் அனுப்புவாளா? அம்மாவும் கமலம் அத்தையும் ஒரே வருஷம் இந்தக் காலனிக்கு வந்தவர்கள். மங்கை பிறந்தபோது வெந்நீர் வைத்தது கமலம் அத்தைதான். அப்படிப்பட்டவளைப் போய்ப் பரிசோதனை செய்வது சரியா?

மறுநாள் சாயங்காலம் பதில் வந்தது. அதே வாளி. மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கிற அளவுக்கு எலுமிச்சை சாதம். மேலே முந்திரிப்பருப்பு. வாளியோடு ஒட்டாமல் தனியாக ஒரு பொட்டலம் அப்பளம்.

"என்னடி இது, வளைகாப்பு மாதிரி!" என்றாள் அம்மா.

மங்கை டைரியில் எழுதினாள்: "வெறும் பாத்திரம் போனது. இரு மடங்கு திரும்பி வந்தது. அத்தை கவனிக்கவில்லையா? கவனித்துத்தான் செய்தாளா?"

ஒரு வீட்டை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று வரதராஜன் சொல்லியிருக்கிறார். அதனால் லூர்துமேரி வீட்டுப் பாத்திரமும் வெறுமையாகப் போயிற்று. லூர்துமேரியின் கணவர் ஆறு மாதப் பயிற்சிக்கு வடக்கே போயிருந்தார். திரும்பி வந்தது மீன் வறுவல், ஒரு வீட்டுக்குத் தேவையானதைப் போல மூன்று பங்கு. அடுத்து, புதிதாகக் கல்யாணமாகி வந்த தெலுங்குப் பெண் விஜயகுமாரி. அவளுக்குப் போன வெறும் கிண்ணத்துக்குப் பதிலாக ஒரு குண்டான் நிறையப் புளிஹோரா, அவர்கள் ஊர்ப் புளியோதரை, வந்தது. உப்பு சற்றுத் தூக்கல்தான். ஆனாலும் குண்டான்!

மங்கைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தாளில் அழிந்துபோன காலனி, நிஜத்தில் பொங்கி வழிந்தது. நல்ல பழக்கத்தை உடைத்தால் அது சாவதில்லை. வீம்போடு இன்னும் பெரிதாக வளர்கிறது!

வரதராஜன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"வெறும் பாத்திரம் அனுப்பினா விருந்து வருதா? மூணு வீட்லயும்? மங்கையர்க்கரசி, இது யாரும் எழுதாத விதி. உங்க புரோகிராமை மாத்துங்க. வெறும் பாத்திரம் வாங்கின வீடு இரு மடங்கு குடுக்கும்னு போடுங்க."

போட்டாள். நாலாவது வாரத்துக்கு மேல் எண்கள் கட்டத்துக்குள் அடங்கவில்லை. எண் அடங்காவிட்டால் அந்த இயந்திரம் எண்ணுக்குப் பதில் நட்சத்திரம் அடிக்கும். தாள் முழுக்க நட்சத்திரமாக வந்தது. அவளுக்கு அது தீபாவளி மாதிரி இருந்தது. உடனே சந்தேகமும் வந்தது. இவ்வளவு நன்றாக ஒரு விஷயம் நடக்குமா?

நடக்கவில்லை என்று குழாயடியில் தெரிந்தது.

"நில்லு மங்கை," என்றாள் கமலம் அத்தை. குடத்தைக் கீழே வைத்தாள். அத்தை குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேசினால் விஷயம் பெரிது. "உங்கம்மா மனசுல என்னதான் நெனச்சிட்டிருக்கா?"

"ஏன் அத்தை?"

"உங்க மாமா ரிட்டயர் ஆயிட்டாரு. ஒத்துக்கறேன். ரிட்டயர் ஆயிட்டா ஒரு குடும்பத்துக்கு மதிப்பு போயிடுமா? அந்த வாளியத் திறந்து பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மாமா ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலை."

அத்தை கவனித்திருக்கிறாள்! எலுமிச்சை சாதம் அன்பில் வந்ததில்லை, ரோஷத்தில் வந்தது.

"அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது அத்தை. நான்தான் அவசரத்துல..."

"அவசரத்துல பண்ற காரியமா அது? எங்களுக்கு ஒண்ணும் குறைவில்லைன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

இது புகாரா? மங்கை யோசித்துப் பார்த்தாள். அப்பாவிடம் வந்து சொன்னால்தான் புகார். அதற்குள் சரிசெய்துவிடலாம். அன்று மாலையே அம்மாவைக் கெஞ்சி, நெய் ஒழுக ஒழுக கேசரி கிளறச் செய்து, கமலம் அத்தையின் அதே வாளி நிறைய அனுப்பிவைத்தாள்.

அது அடுத்த தப்பு. கமலம் அத்தை இரண்டு வாளியில் பாயசமும் வடையும் அனுப்பினாள். அது போதாதென்று, கேசரி வந்த செய்தி குழாயடிக்குப் போனது. லூர்துமேரி, மங்கை பஸ் ஸ்டாப்புக்கு ஓடுகிற நேரம் பார்த்து வழிமறித்தாள்.

"கமலம் வீட்டுக்கு கேசரி. எங்க வீட்டுக்கு மட்டும் அப்படியா?"

"ஆன்ட்டி, அது வந்து..."

"ஆம்பளை ஊர்ல இல்லாத வீடுன்னா பாத்திரம் இப்படித்தான் வரணுமா? மாசாமாசம் அவரு அனுப்பிட்டுத்தான் இருக்காரு. மாதா சத்தியமா நான் யாரு வாசல்லயும் போய் நிக்கலை."

பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது விஜயகுமாரி வந்தாள். அவள் தமிழைப் புரிந்துகொள்வாள், பதில் மட்டும் தெலுங்கில்தான் தொடங்கும்.

"நாக்கு வண்ட்ட ராதா? எனக்கு சமையல் வராதுன்னு உங்க அம்மாக்கு யார் சொன்னாங்க? மா அத்தகாரு, என் மாமியாரு, அந்தக் கிண்ணத்த பார்த்துட்டாங்க. பார்த்து, சிரிச்சாங்க!"

சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. மங்கை பஸ்ஸில் பாலாநகர் வரை யோசித்தாள். வெறும் கிண்ணத்துக்கும் சமையலுக்கும் என்ன சம்பந்தம்? உன் சாப்பாட்டுக்குப் பதில் மரியாதைகூடச் செய்யத் தேவையில்லை என்று நாம் சொன்னதாக எடுத்துக்கொண்டாளா? அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரே வெறும் பாத்திரம், மூன்று வீட்டில் மூன்று விதமான காயம். புரோகிராமில் இதற்கு இடமே இல்லையே?

இதற்கிடையில் வீட்டில் பாத்திரங்கள் சேர்ந்துகொண்டே போயின. வந்ததையெல்லாம் சாப்பிட்டுத் தீர்த்தது அப்பாதான். சாயங்காலம் சைக்கிளை நிறுத்தியதும் நேராகச் சமையலறைக்குப் போய், எது இருக்கிறதோ அதை நின்றபடியே சாப்பிட ஆரம்பிப்பார். அம்மாவுக்கு அதில் பெருமையும் கவலையும்.

"ஒர்க்ஷாப்புல என்னதான் வேலை வாங்கறாங்களோ. காலையில டிபன்ல இன்னும் ஒரு கரண்டி போடுங்கறாரு. போட்டாலும் பத்தலைங்கறாரு."

மங்கைக்கு அதையெல்லாம் கேட்க நேரமில்லை. அவள் இதெல்லாம் நின்றுபோகும் வழியைத் தேடிக்கொண்டிருந்தாள். கட்டத்தாளில் மறுபடியும் புளியங்கொட்டைகளை வைத்துப் பார்த்தாள். யாரும் யாருக்கும் எதுவும் அனுப்பாவிட்டால் எதுவும் பரவாது. அதனால் பாத்திரங்களைத் திருப்பி அனுப்பாமல் அலமாரியின் மேல் அடுக்கினாள். நாலைந்து நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

யாரும் மறக்கவில்லை. சின்னப் பாத்திரம் திரும்பி வராததால், பெரிய பாத்திரத்தில் அனுப்ப ஆரம்பித்தார்கள். லூர்துமேரி வீட்டிலிருந்து சீமந்தத்துக்குச் சோறு வடிக்கும் அளவில் ஒரு அலுமினிய அண்டா வந்தது, பாதி வரை பிரியாணி. அம்மா அதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இதுக்கு நான் என்ன வச்சு அனுப்பறது? உங்கப்பா சம்பளம் மொத்தமும் முந்திரிப்பருப்புக்கே போயிடும் போலிருக்கே. கமலம் ஏன்டி என்னைக் கண்டா முகத்தைத் திருப்பிக்கறா? நான் என்ன பண்ணினேன்?"

அம்மா அழுவதை மங்கை அதிகம் பார்த்ததில்லை. அன்று பார்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே அந்தப் பிரியாணியை வேறு பாத்திரத்தில் மாற்றிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக மங்கைக்கு ஒன்று தோன்றியது. குழப்பமே ஒருவருக்குக் கேசரியும் மற்றவர்களுக்கு வெறுமையும் போனதால்தானே? எல்லோருக்கும் ஒரே நாளில், ஒரே மாதிரி, எதுவும் இல்லாமல் பாத்திரங்களைக் கொடுத்துவிட்டால்? இந்த வீட்டில் இனி இப்படித்தான் என்று தெரிந்துவிடும். ரோஷப்படுகிறவர்கள் ஒருமுறை ரோஷப்பட்டுவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். சமநிலை வந்துவிடும். தாளில் வந்தது.

சனிக்கிழமை காலை, அம்மா பூஜை அலமாரி முன் நிற்கும்போது, மங்கை எல்லாப் பாத்திரங்களையும் வாசலுக்குக் கொண்டுவந்தாள். ஹாண்டிலின் இரண்டு பக்கமும் பைகள். கேரியரில் கயிறு போட்டு அண்டா. அப்பாவின் சைக்கிள் பாத்திர வியாபாரியின் சைக்கிள் மாதிரி நின்றது.

அப்பா கால் கிளிப்பை மாட்டியபடி எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அண்டாவை லேசாகத் தட்டினார். கணீரென்று கேட்டது.

"எல்லாமே இன்னைக்கேவா?"

"ஆமாப்பா."

"ஒண்ணொண்ணா அனுப்பக்கூடாதாம்மா?" அப்பாவின் குரலில் அவள் என்றுமே கேட்டிராத ஒரு கெஞ்சல் இருந்தது.

"ஒரே நாள்ல போனாத்தான்ப்பா சரியா வரும்."

அப்பா உள்ளே திரும்பி, "செல்லம்மா, டிபன்ல இன்னும் ஒரு அடுக்கு வை," என்றார்.

"நாலு அடுக்கு வச்சாச்சுங்க! ஆளு திங்கறதா, ஆனை திங்கறதா?"

"வைன்னா வை."

ஞாயிற்றுக்கிழமை காலை, மங்கை வகுப்புத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. கமலம் அத்தை. அவளுக்குப் பின்னால் லூர்துமேரி. அவளுக்குப் பின்னால், மாமியார் அனுப்பியதால் வந்தவள் போல விஜயகுமாரி. மூன்று பேரும் சேர்ந்து வந்து மங்கை பார்த்ததே இல்லை. அப்பா அந்த நேரத்தில் ஒர்க்ஷாப் நண்பர் அப்துல் ரஹீமோடு வாசலில் சைக்கிள் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். தினமும் காலையில் தண்ணி டாங்க் முனையில் சேர்ந்துகொண்டு, இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வேலைக்குப் போவார்கள்.

"அண்ணே, உங்ககிட்ட பேசணும்," என்றாள் கமலம் அத்தை.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"புகார் ஒண்ணும் இல்லையே?" என்றார் அப்பா அவசரமாக.

"என்னண்ணே?"

"இல்ல, புகாரா, இல்ல சும்மா பேச வந்தீங்களா? சும்மா பேசறதுன்னா பேசுங்க. காப்பி சாப்பிட்டுட்டுப் பேசுங்க."

"சும்மா பேசத்தான் வந்தோம்," என்றாள் லூர்துமேரி குழம்பிப் போய்.

"அப்பச் சரி! சும்மா பேசத்தான் வந்திருக்காங்க. புகார் இல்லை," என்று அப்பா சுற்றியிருப்பவர்களுக்கெல்லாம் அறிவிப்பது போலச் சொன்னார்.

"ஆனா ஒண்ணு கேக்கணும்," என்றாள் கமலம் அத்தை. "உங்க வீட்டுப் பாத்திரத்துக்கு ஒரு முடிவு சொல்லுங்க. நேத்தைக்கு எல்லார் வீட்டுக்கும் ஒரே மாதிரி அனுப்பியிருக்கீங்க. நாங்க என்ன பாவம் பண்ணினோம்? செல்லம்மா, உனக்கும் எனக்கும் எத்தனை வருஷப் பழக்கம்? மனசுல இருக்கறதை வாயால சொல்லலாமே. இப்படிப் பாத்திரத்துல சொல்லணுமா?"

"என்ன சொன்னேன்? நான் என்னத்தைச் சொன்னேன்?" என்றாள் அம்மா. "நீதான் வழியில பார்த்தா மூஞ்சியத் திருப்பறே!"

"நானா? நீ பண்ணினதுக்கு வேற யாராயிருந்தாலும் இந்த வாசல மிதிச்சிருக்க மாட்டாங்க!"

"மிதிக்காதே போ! யாரு கூப்பிட்டா?"

சொன்ன பிறகு இருவருமே திகைத்து நின்றார்கள். மங்கை பிறப்பதற்கு முன்னிருந்து வந்த சிநேகம் வாசற்படியில் நின்று ஆடியது. கமலம் அத்தை திரும்பினாள். இரண்டு படி இறங்கியும் விட்டாள்.

மங்கை கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள். எல்லாம் நட்சத்திரம். இன்னும் மூன்று வாரத்தில் பரீட்சை. பேசாமல் இருந்தால் இது பெண்கள் சண்டை என்று போய்விடும், வகுப்பு தப்பும். அப்பாவே புகார் இல்லை என்று சொல்லிவிட்டார்.

"அத்தை, போகாதீங்க. இது புகார்தான்ப்பா," என்றாள் மங்கை. "அம்மா ஒண்ணும் பண்ணலை. எல்லாம் நான்தான். என் பிராஜெக்டுக்காகப் பண்ணினேன். ஒரு வீட்லேர்ந்து பாத்திரம் ஒண்ணுமே போடாம வந்தா, மத்த வீடுங்க என்ன பண்ணும்னு பார்க்கணும்னு நெனச்சேன். கேசரி ஒரு தடவைதான். மத்த எல்லாத் தடவையும் வெறும் பாத்திரத்தைத்தான் அப்பாகிட்ட குடுத்தனுப்பினேன். நேத்தைக்கும் அப்படித்தான். உங்க மூணு பேர் மனசையும் நோகடிச்சிட்டேன். மன்னிச்சிடுங்க. அப்பா, நாளையிலேர்ந்து நான் கிளாஸுக்குப் போகலை."

அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

கமலம் அத்தை படியில் நின்றபடியே லூர்துமேரியைப் பார்த்தாள். லூர்துமேரி விஜயகுமாரியைப் பார்த்தாள்.

"வெறும் பாத்திரமா?" என்றாள் கமலம் அத்தை மெதுவாக. "எந்த வெறும் பாத்திரம்?"

"எங்க வீட்டுக்கு எப்ப வந்தது? இல்லாதவங்களுக்குப் போடற மாதிரி பாத்திரத்துல சோறுல்ல வந்தது!" என்றாள் லூர்துமேரி.

விஜயகுமாரி இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

மங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் அப்பாவைப் பார்த்தாள். அய்யாக்கண்ணு சட்டென்று கீழே உட்கார்ந்து, டியூபே இல்லாத டயரில் பஞ்சரைத் தேட ஆரம்பித்திருந்தார். காது நுனி சிவந்திருந்தது.

அதுவரை டியூபைக் கையில் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்த அப்துல் ரஹீம் தொடையில் தட்டிக்கொண்டார்.

"அரே அல்லா! உன் கிளாஸ் நிக்கக்கூடாதுன்னுதானா மகளே, அண்ணன் பாத்திரம் வர்றப்பெல்லாம் தண்ணி டாங்க் கிட்ட சைக்கிளை நிறுத்தி, தன் டிபன் சோறு மொத்தமும் அந்தப் பாத்திரங்கள்ல கொட்டிக் குடுத்துட்டு, மத்தியானம் என் ரொட்டியப் பிச்சுப் பிச்சுத் தின்னாரு!"